நொசிலை ஊதியவன்

பெரும்போக நெல்லுக்கு எங்கள் வட்டை வயலில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தேன். மெசினில் மருந்து பீச்சும் முனையான நொசில் அடைத்துக்கொண்டது. இங்கே எல்லோரும் செய்வதுபோல் அதைக் கழற்றி வாயால் ஊதினேன். அடைப்பு போகவில்லை, உறிஞ்சித் துப்பினேன்.

சற்று நேரத்தில் எச்சில் வழிந்தது, கண் மங்கியது, கை துடித்தது.

"வெயிலுக்குத்தான், ஒண்டுமில்ல" என்றேன், வயலுக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவியிடம்.

"வெயிலுக்கு எச்சில் வடியுமா?" என்ற அவர், மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு என்னை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போத்தலைப் பார்த்ததும் டொக்டர் சிகிச்சையைத் தொடங்கினார். பிழைத்தேன்.

மூன்றாம் நாள், நஞ்சு ஆய்வுக்காகத் தகவல் சேகரிக்கும் தாதி ஒருவர் படிவத்தோடு வந்தார்.

"தெரியாமக் குடிச்சீங்களா, தெரிஞ்சு குடிச்சீங்களா?"

"ரெண்டுமில்ல மகள். நொசில ஊதினன்."

"அப்ப தவறுதலா எண்டு போடவா?"

"என்ன தவறுதல்? இருவது வருசமா இப்பிடித்தான் ஊதுறன். அத அப்பிடியே எழுதுங்க."

நான் சொன்னதைப் படிவத்தின் அடியில் அப்படியே எழுதி வாசித்துக் காட்டினார். அதன் பிறகே கையெழுத்து வைத்தேன்.

இப்போது என் மெசினின் தோள்பட்டியில், நொசில் அடைப்பைக் குத்தி எடுக்க ஒரு கட்டுத் தென்னை ஈர்க்கு தொங்குகிறது. பக்கத்து வயல்காரர் நொசிலைக் கழற்றினாலும், அது அவர் வாய்க்குப் போகுமுன் என் ஈர்க்கு அவர் கைக்குப் போய்விடும்.