போடாத ஊசி

நான் பொய் சொன்னேன். என் கொழுந்தன் மனைவி சபியாவுக்குப் போடாத தடுப்பூசியைப் போட்டாயிற்று என்று டாக்டரிடம் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை... தெரிந்தே சொன்னேன்!

எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். "பாவம், மெஹ்ரூன் அவசரத்தில் குழப்பிக்கொண்டாள்" என்பார்கள். அவர்கள் அப்படி நம்பும்படி செய்தவளும் நான்தான். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், சபியாவும் நானும். மூன்றாவதாக இப்போது நீங்கள்.

நான் தாராவியில் பிறந்தவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். இந்தி தெருவில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடையோ, பள்ளிக்கூடமோ, போலீஸோ, ஆஸ்பத்திரியோ, வெளியே எங்கு பேச வேண்டியிருந்தாலும் "மெஹ்ரூனைக் கூப்பிடு" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை. கொஞ்சமல்ல, நிறைய!

சபியா மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளுடைய இந்தி காய்கறிக்காரனோடு தொடங்கி அவனோடே முடிந்துவிடும். என்னை 'லாத்தா' என்று கூப்பிடுவாள். அக்காவுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். என் வீட்டுக்காரரும் அவள் கணவர் காதரும் சேர்ந்து தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறார்கள். கீழே பட்டறை, மேலே இரண்டு குடும்பமும். ஒருத்தி தும்மினால் மற்றவள் "அல்ஹம்துலில்லாஹ் சொல்லு" என்று சொல்லும் தூரம்தான்.

அந்தச் சபியாவுக்கு ரத்தத்தில் ப்ளேட்லெட் குறையும் நோய் வந்தது. கையில், காலில் நாவற்பழ நிறத்தில் திட்டுகள். பல் துலக்கினால் ரத்தம். கையைப் பிடித்தால் பிடித்த இடம் கன்றிப்போகும் என்று அவளுடைய பிள்ளைகள்கூடத் தொடப் பயந்தார்கள். மாத்திரை முகத்தை வீங்க வைத்ததே தவிர, எண்ணிக்கையை நிலையாக ஏற்றவில்லை. கடைசியில் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்றார்கள்.

தேதி வாங்க நாங்கள் இருவரும் போனோம். கூட்டம் பிதுங்கும் அரசு ஆஸ்பத்திரி. திரைக்குப் பின்னால் இளவயது டாக்டரம்மா. களைத்துப்போயிருந்தாலும் இந்தியில் நிதானமாக விளக்கினார். மண்ணீரல் போய்விட்டால் சில கிருமிகளை உடம்பால் எதிர்க்க முடியாது. சாதாரணக் காய்ச்சலும் ஒரே நாளில் உயிருக்கு உலை வைத்துவிடும். அதனால் ஆப்பரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்னதாக மூன்று தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். "டீகா ஹோ கயா?" என்று கேட்டார். தடுப்பூசி போட்டாயிற்றா என்று.

போட்டிருந்தால் அடுத்த வியாழக்கிழமையே ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். இல்லையென்றால் ஊசி போட்டுவிட்டு அடுத்த மாதம்தானாம்.

அடுத்த மாதம்! அடுத்த மாதம் நான் மக்காவில் இருப்பேன்.

எத்தனை வருட ஆசை என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்... பிள்ளைகள், பட்டறை, மழையில் ஒழுகும் கூரை என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போன உம்ரா பயணம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் டிக்கெட் வந்துவிட்டது. வெள்ளை ஆடை தைத்தாயிற்று. ஆப்பரேஷன் தள்ளிப்போனால் அவளோடு ஆஸ்பத்திரியில் யார் இருப்பது? யார் பேசுவது? நான்தான்! பயணம்தான் போகும்.

அந்த நொடியில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நோய் வருவதற்கு முந்தைய வருடம் சபியாவும் உம்ராவுக்குப் புறப்பட்டவள். அதற்குக் கட்டாயமான மூளைக்காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். பயணம் மட்டும் நின்றுபோயிற்று. ஒரு ஊசி உடம்பில் இருக்கிறதே! மூன்றில் ஒன்று இருக்கிறதல்லவா?

"ஹோ கயா," என்றேன். "உம்ராவுக்காகப் போட்டதுதான். எல்லாம் போட்டாயிற்று. அட்டை வீட்டில் இருக்கிறது."

"மூன்று இஞ்செக்சனுமா?" என்று டாக்டரம்மா மறுபடி கேட்டார். அங்கேதான் நான் மனுஷியாக இருந்திருக்கலாம். "மூன்றும்" என்றேன்.

ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? கடைக்காரன் ஒரு முட்டை குறைத்தால் சண்டைக்கு நிற்பவள் அல்லவா!

சபியா என் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தாள். "என்ன லாத்தா சொல்லுதாங்க?"

"வியாழக்கெழம ஆப்பரேசன். எல்லாம் சரியா இருக்காம்."

"இஞ்செக்சன்னு என்னமோ காதுல விழுந்துச்சே?"

"அது மயக்க ஊசிட்டி. எல்லாருக்கும் போடுததுதான்."

அவள் முகம் தெளிந்தது. பொய் சொன்ன என் வாயைப் பார்த்து அவள் நிம்மதியானாள்... அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அட்டையை அட்மிட் ஆகும்போது கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அன்று வேறு டாக்டர் இருந்தார், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. தள்ளிப்போனால் சபியாவுக்கு ரத்தக்கசிவு வந்துவிடுமே, அவள் நன்மைக்குத்தானே செய்தேன் என்று மனத்துக்குள் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டேன். ஒரு மாதம்வரை மாத்திரை தாங்கும் என்று அதே டாக்டரம்மா சொன்னதை அந்த வக்கீல் வசதியாக மறந்துவிட்டான்.

ஆப்பரேஷன் நன்றாக நடந்தது. ப்ளேட்லெட் கிடுகிடுவென்று ஏறியது. வீட்டில் எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். "மைனி மட்டும் இல்லன்னா தேதியே கெடச்சிருக்காது" என்று காதர் தன் அண்ணியைப் பற்றிப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு டீ கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே... மறைத்ததோடு நிற்காமல் அந்தச் சோற்றை ஊருக்கே பரிமாறினேன்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. புனிதப் பயணம் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன் பொறுக்காமல் அல்லாஹ் பொறுப்பதில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நானும் போனேன். தாராவியில் ஒரு சந்து விடவில்லை. செம்பூரில் சின்னம்மா மகள், வாஷியில் பெரியப்பா மகன், தேவ்நாரில் என்றோ சண்டை போட்ட பழைய பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் போய்க் கையைப் பிடித்தேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள்.

சபியாவிடம் கடைசியாகப் போனேன். வயிற்றுத் தையல் இழுக்க, தலையணையில் சாய்ந்திருந்தாள்.

"தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் தப்பு செஞ்சிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கோட்டி."

"என்ன பேச்சு லாத்தா இது? ஒங்க மேல எனக்கு என்ன கொற இருக்கு? எனக்காகத் துவா செய்யுங்க."

அவ்வளவுதான்! எது என்று சொல்லாமலே வாங்கிக்கொண்டேன். தெரியாமல் கொடுத்த மன்னிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீங்கள் சொல்லுங்கள்... ஏனென்றால் விமானத்தில் ஏறும்போது நான் அதைச் செல்லும் என்றே சேர்த்துக்கொண்டேன்.

கஅபாவை முதன்முதலாகக் கண்டபோது கூட வந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. சபியாவுக்காகத் துவா செய்யக் கையை ஏந்தினேன். நாக்கு எழவில்லை.

அதற்கு அடுத்த நாள் மதியம். விடுதியில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து வந்த போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "சபியாவுக்கு லேசாக் காய்ச்சலாம். காதர் மாத்திர குடுத்துப் படுக்க வச்சிருக்கானாம். சாப்பிடு, சோறு ஆறுது."

எனக்குச் சோறு தெரியவில்லை. ஒரே நாளில் உயிருக்கு உலை என்ற அந்த வார்த்தைதான் காதில் நின்றது. போனைப் பிடுங்கிக் காதரைக் கூப்பிட்டேன்.

"காதர், இப்பவே டாக்ஸி புடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. மண்ணீரல் எடுத்த பேசண்டு, டீகா போடலன்னு மொதல்ல அதச் சொல்லுங்க!"

"எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதான மைனி சொன்னீங்க?"

"போடல. போடவே இல்ல. பேசாம ஓடுங்க!"

ஓடினார். சபியாவை உடனே படுக்கையில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்களாம். அன்று மாலைவரை தொழுகை விரிப்பை விட்டு நான் எழவில்லை. அப்போது வந்தது அழுகை. வெட்கம் கெட்ட அழுகை... எனக்காகவா அவளுக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத அழுகை. மறுநாள் காலை காதர் அழைத்தார்: "கண்ண முழிச்சுக் கஞ்சி கேட்டா மைனி." உலகத்தில் அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

ஆனால் கேளுங்கள், அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டார், ஆஸ்பத்திரிச் சீட்டில் ஊசி போட்டாயிற்று என்று இருந்ததாமே, டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "உம்ரா ஊசியே போதும்னு நெனச்சிட்டேன்" என்றேன். இரண்டாவது பொய்! எல்லோரும் நம்பினார்கள். எங்கள் ஆட்களில் யாருக்கும் வரக்கூடிய குழப்பம்தானே அது? 'ஹஜ் ஊசி' போட்டவனுக்கு வேறு ஊசி எதற்கு என்று நினைப்பவர்கள் எங்கள் சந்தில் இன்னும் இருக்கிறார்கள். அறியாமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம்! எனக்கு ஆறுதல்கூடச் சொன்னார்கள்.

ஊர் திரும்பிய பிறகு, விட்டுப்போன ஊசிகளைச் சபியாவுக்குப் போடச் சொல்லி நாள் கொடுத்திருந்தார்கள். வழக்கம்போல நான்தான் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் கண்ணாடி வளையல்கள். கன்றிவிடும் என்று ஒரு வருடமாக ஒதுக்கி வைத்திருந்தவை. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு திட்டு இல்லை. அந்தக் கையைப் பார்த்தேன்... என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பவில்லை, எனக்குத் தெரியும், பயணத்துக்காகச் சொன்னேன் என்று.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்! வளையலைத் திருப்புவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நான் கேட்டேனே லாத்தா... இஞ்செக்சன்னு காதுல விழுந்துச்சேன்னு ஒங்ககிட்டதான கேட்டேன்."

 

அவளுடைய முறை வந்தது. நான் எழுந்தேன். அவள் என் மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டாள். "நீங்க இருங்க. நானே பேசிக்கிடுதேன்."

திரைக்கு வெளியே நின்று கேட்டேன். "டாக்டர் சாப்... ஏ டீகா... காயகோ?" என்று, இந்த ஊசி எதற்கு எனக் கேட்கத் தட்டுத்தடுமாறினாள். டாக்டர் சொன்னது புரியவில்லை. "பிர்ஸே போலோ" என்றாள், திரும்பச் சொல்லச் சொல்லி. மறுபடி புரியவில்லை, மறுபடி கேட்டாள். எனக்குத் தெரிந்த சொல் தொண்டைவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கிற வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் போகிறாள். அடுத்த தவணை ஊசி எப்போது என்று அவளுக்கே தெரியும். காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். உடம்பு தேறிவிட்டது, பட்டறையில் பைகளுக்குப் பட்டி தைக்கிறாள். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவளும் இப்போது அவள்தான். இலக்கணம் நொண்டும் இந்தி, ஆனால் கேட்கக் கூச்சப்படாத இந்தி. என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், பெருநாளைக்குப் பிரியாணியும் சேர்ந்தே கிண்டுகிறோம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் அந்த மன்னிப்பை இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

போன மாதம் எனக்குத் தலைசுற்றல். வீட்டில் ஆண்கள் யாருமில்லை. சபியாதான் கூட வந்தாள். டாக்டர் இந்தியில் சொன்னார், சர்க்கரை ஏறியிருக்கிறது, கண்ணையும் பார்க்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது என்று. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் என்ன!

சபியா என் பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்கன்னா லாத்தா..." என்று தமிழில் தொடங்கினாள்.

"எனக்குத்தான் இந்தி தெரியுமேட்டி."

"தெரிஞ்சாலும் கேளுங்க," என்றாள்.

கேட்டேன். டாக்டர் காத்திருக்க, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.