இரண்டு காலுள்ள டெலிபோன்

கையில் போனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று இப்போது மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம் இந்த ஆராய்ச்சியை 1984லேயே நடத்தி முடித்துவிட்டது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரே மாணவி. பெயர் இருளாயி, வயது பதினைந்து, மூன்றாம் படிவம். அந்த ஆண்டு எஸ்.ஆர்.பி. சோதனையில் தேறினால் நான்காம் படிவம், தவறினால் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. அவளுக்கு நர்ஸாக ஆசை.

தோட்டத்துக்கு இருந்த ஒரே டெலிபோன் பக்கீர் முகம்மது பாயின் மளிகைக்கடையில் இருந்தது. கமுந்திங், ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போன பிள்ளைகளுக்கு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த அறுபது வீட்டாரும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். கடையை ஒட்டிய முதல் வீடு இருளாயியுடையது. ஆகவே, யாருக்கு அழைப்பு வந்தாலும் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவது அவள் பொறுப்பு என்று, யாரும் தீர்மானிக்காமலே தீர்மானமாயிற்று.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரை வரை மணி அடிக்கும். கணக்கில் எக்ஸைக் கண்டுபிடிப்பதற்குள் கருப்பம்மாளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கருப்பம்மாளோ எந்த வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருப்பார் என்பதற்குச் சூத்திரமே கிடையாது.

முன்னோட்டச் சோதனையில் கணக்குக்கு இருபத்தெட்டு. பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறது என்று தாயிடம் சொல்ல, வகுப்பாசிரியர் அக்கறையோடு கடைக்குப் போன் செய்தார். தாய் மாரியம்மாவைக் கூட்டிவர இருளாயிதான் ஓடினாள்.

வீடு திரும்பும்போது மகள் சொன்னாள்: "இனிமே நான் போவலம்மா. சோதனை முடியட்டும்."

"எல்லாரும் நம்பி நம்பர் குடுத்துட்டாங்க. இப்ப மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

பாய் இளகிய மனசுக்காரர். சங்கதி தெரிந்ததும் பிஸ்கட் டின்களை ஒதுக்கி, டெலிபோன் பக்கத்திலேயே அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தார். "வீட்லேருந்து வர்ற நேரமாவது மிச்சம்லா. இங்கயே ஒக்காந்து படிம்மா," என்றார். கல்விக்கு இப்படி உதவிய தோட்டம் பேராக்கில் வேறு இருக்காது. போனை இப்போதெல்லாம் உடனே எடுக்கிறார்கள் என்று மகிழ்ந்து, சிங்கப்பூர் உறவுகளுக்கும் நம்பரைக் கொடுத்தோம்.

முடிவு வந்தது. தேறவில்லை. அவள் அழவில்லை. தாளை நான்காக மடித்துத் தாயின் கையில் வைத்தாள். துக்கம் விசாரிக்க லயமே திரண்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு போதாது என்று மாயாண்டி அண்ணன் நெடுநேரம் வருந்தினார். பேச்சு ஓய்ந்தபோது கருப்பம்மாள்தான் ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"இனி பள்ளிக்கூடம் இல்லதானே? பகல்ல போன் வந்தாலும் கூப்பிட ஆள் இருக்கு."

யாரும் மறுக்கவில்லை, மாரியம்மா உட்பட. மறுநாள் நண்பகலே மாயாண்டி அண்ணனுக்கு அழைப்பு வந்தது. இருளாயி போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். அவர் வந்து சேர்வதற்குள் எதிர்முனையில் காசு தீர்ந்து போன் அறுந்துவிட்டது.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. "முந்தி மாதிரி இல்லம்மா நீ," என்றார்.