பாட்டு முடியும் வரை

தேசிய கீதம் எங்கே ஒலித்தாலும் எழுந்து நிற்கிறேன். கண் மட்டும் வாசல் பக்கம் போய்விடும். திரையில் கொடி அசையத் தொடங்கியதும் சித்தப்பா விறைப்பாக எழுந்து நின்ற அந்தக் கணம் என்னை விட்டுப் போகவே இல்லை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சீனப் போருக்குப் பிறகு கொட்டகைகளில் படம் முடிந்ததும் கீதம் போடுவார்கள். பாதிப் பேர் அதற்குள் முண்டியடித்து வெளியேறிவிடுவார்கள். அவர்களைக் கண்டாலே சித்தப்பாவுக்கு ஆகாது. "ஒரு பாட்டு முடியிற வரைக்கும் நிக்க முடியாதவனுக்கு நாடு எதுக்கு?" என்பார்.

அன்று அம்பத்தூர் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம். லீவுக்கு வந்திருந்த நானும் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் சித்தி. சித்தியின் விரலைப் பிடித்தபடி அவர்களுடைய மூன்று வயது மகள். கீதம் தொடங்கியதும் எங்கள் வரிசையை இடித்துக்கொண்டு கூட்டம் ஓடியது. அந்த நெரிசலில் பாப்பாவின் பிடி நழுவிவிட்டது.

"ஏங்க, பாப்பா..." என்று சித்தி நகரப் போனாள்.

சித்தப்பா திரும்பவில்லை. கொடியைப் பார்த்தபடியே, "அசையாத. பாட்டு முடியட்டும். இங்கதான் இருப்பா" என்றார். சித்தி நின்றாள். அவள் கண் வாசல் பக்கமே இருந்ததைத் திரை வெளிச்சத்தில் பார்த்தேன்.

பாட்டு முடிந்தபோது பாப்பா இல்லை. பெஞ்சுகளுக்கு அடியிலும் இல்லை, சோடாக் கடையிலும் இல்லை. "இன்னாம்மா, கொயந்தய உட்டுட்டியா?" என்று டிக்கெட் கிழிப்பவர் ஓடி வந்தார். மைக்கில் கூப்பிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு வயல் கிணறுகளில் தேடினார்கள். போலீஸ் வந்தது. பாப்பா கிடைக்கவே இல்லை. உயிரோடும் இல்லை, உடலாகவும் இல்லை.

சித்தி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

சில வருடங்கள் கழித்து நான் அவர்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்தேன். ஒரு சுதந்திர தினத்தன்று தொழிற்சாலை மைதானத்தில் கொடி ஏறியது. கீதம் தொடங்கி எல்லோரும் அசையாமல் நின்றபோது, என் பக்கத்திலிருந்த சித்தி நடக்க ஆரம்பித்தாள். பள்ளிப் பிள்ளைகளின் வரிசைக்குள் புகுந்து, பெண் குழந்தைகளின் முகங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். எல்லோரையும் அல்ல, பாப்பா இருந்திருந்தால் இப்போது எந்த உயரம் இருப்பாளோ, அந்த உயரப் பிள்ளைகளை மட்டும்.

மேடையிலிருந்த அதிகாரி கண்ணைக் காட்டினார். காவலாளி வந்து கையை நீட்டி மறித்தார். "யம்மா, நில்லும்மா. அல்லாரும் நின்னுகினு கீறாங்க இல்ல?"

தொழிலாளர் வரிசையிலிருந்து சித்தப்பா வெளியே வந்தார். பாட்டு பாதியில் இருந்தது.

"அவள நிறுத்தாதீங்கய்யா," என்றார். "ஒரு தடவ நான் நிறுத்துனது போதும்."

காவலாளி கையை இறக்கிக்கொண்டார். சித்தப்பா நாட்டை அவமதித்துவிட்டார் என்று பிறகு குவார்ட்டர்ஸில் பேசினார்கள். அன்று சித்தி ஒரு வரிசையைப் பார்த்தாள். சித்தப்பா அடுத்த வரிசையைப் பார்த்தபடி கூடவே நடந்தார். கீதம் முடிந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அவர்கள் பார்த்து முடிக்கவில்லை.