பாட்டுகளுக்கு நடுவே ஒரு செருமல்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல், முன்பு டேப் ரெக்கார்டர் இருந்த இடத்தில் இப்போது திரை உடைந்த ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. திரையால் அதற்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. எந்நேரமும் சத்தமில்லாமல் ஓடி, நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளை எங்கள் ஃபோன்களுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை.

அதை அமைத்துத் தந்தவர் புதுக்கடை ஜங்ஷனில் ஃபோன் பழுது பார்க்கும் என் நண்பர். கல்ஃபில் எட்டுப் பேர் கிடந்த ஓர் அறையில் அவரும் நானும் இருந்தோம். எனக்கு அங்கே வயரிங் வேலை. ஒருநாள் அவர் கடைக்குப் போய், ஃபோனில் நான் கேட்டு வந்த பழைய பாட்டுகள் சில அந்த ஆப்பில் இப்போது இல்லை என்றேன்.

"அது வாடகை வீடு வே. எறங்குன்னு சொன்னா எறங்கணும். சொந்தமா ஒரு சர்வர் வச்சுக்கிடும், பழைய லேப்டாப்பு ஒண்ணு போதும்."

"அதுக்கு நான் படிச்ச அஞ்சாங்கிளாஸ் காணாது."

"ஏர்போர்ட்டுல ஒரு ஃபாரம் எழுதத் தெரியாம முழிச்ச ஆளு, பிறகு ஒரு முழு கெட்டிடத்துக்கு வயர் இழுக்கல்லியா? அதுக்கு உள்ள புரோகிராம ஆராரோ எழுதி எல்லாருக்குமா சும்மா போட்டிருக்கானுவ. தொறந்து உள்ளயும் பாக்கலாம், மாத்தவும் செய்யலாம்."

முகம் தெரியாத யாரோ எழுதியது என் வீட்டில் ஓடும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது அதைவிடப் பிடித்தது.

சர்வர் ஓடத் தொடங்கியதும் முதலில் ஏற்ற நினைத்தது, கல்யாணமான புதிதில் நான் அனுப்பிய கேசட்டுகளை. அந்தக் காலத்தில் கல்ஃபிலிருந்து லீவில் ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் மற்றவர்களின் கேசட்டுகளையும் கொண்டுவருவார்கள். கடிதத்துக்குப் பதில் அதில் பேசி அனுப்புவது வழக்கம். கேசட் வந்தால் வீட்டிலுள்ளவர்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெண்டாட்டிக்குச் சொன்னதை ஊரே கேட்கும்.

என்னால் அப்படிப் பேச முடியவில்லை. இங்கே அத்தனை காதுகள், அங்கே அறையில் கட்டில்களில் ஏழு பேர். அதனால் பாட்டுகளைப் பதிந்து அனுப்பினேன். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று வேலைத்தளத்தில் குழாய்க்குள் வயர் தள்ளும்போதே யோசித்து வைப்பேன். முதல் கேசட்டை, நண்பரின் டேப் ரெக்கார்டர் பெட்டியில் பாட்டை ஓடவிட்டு, என் பெட்டியை அதன் முன்னால் வைத்து மைக்கில் பதிந்தேன். பாத்திரம் விழும் சத்தமும் அதில் சேர்ந்துதான் விழுந்தது. பிறகு இரண்டையும் வயரால் இணைக்கக் கற்றுக்கொண்டதும் பாட்டு சுத்தமாக வந்தது.

அந்த முதல் கேசட்டைப் பழைய டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு லேப்டாப்பில் ஏற்றியபோது ஒரே நீள ஃபைலாக வந்தது. சத்தம் நிற்கும் இடங்களில் வெட்டித் தனித்தனிப் பாட்டாக்கும் புரோகிராம் ஒன்றும் சும்மா கிடைத்தது. அரை நிமிடத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தள்ளிவிடும்படி அமைத்தேன். இடம் பிடிக்கிறதே என்று நீள ஃபைலை அழித்தேன். கேசட்டைத் திருப்பிச் சுற்றும்போது டேப் அறுந்தது. பாட்டுதான் வந்துவிட்டதே என்று அதைப் பழைய சாமான் சாக்கில் போட்டேன்.

மறுநாள் மனைவி முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஃபோனை வைத்து அந்தக் கேசட்டை ஓடவிட்டேன். இரண்டு பாட்டு முடிந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது அந்த கேசட்டு இல்ல."

"அதுதான். நானே நேத்து ஏத்தினேன்."

"அப்போ உங்க செருமல் எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு பாட்டுக்கும் முன்ன ஒரு செருமல் உண்டு. இன்னா இப்ப சொல்லப்போறியன்னு நான் காத தீட்டிட்டு இருப்பேன். உடனே பாட்டு வந்துரும். உங்க அம்மகூட கேட்டாவ, 'அவனுக்கு அங்க சளி புடிச்சிருக்காட்டீ?'ன்னு. ரெண்டு வருசம் உங்க சத்தம்னு எனக்கு இருந்தது அவ்வளவுதான்."

நான் பாட்டை நிறுத்தினேன்.

"பாட்டு எங்கயும் கெடைக்கும்," என்றாள். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

அந்த அறை ஞாபகம் வந்தது. பதியும் பொத்தானை அழுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லத்தான் வாய் திறந்தேன். தொண்டையைச் செருமுவேன். மேல் கட்டிலில் யாராவது புரண்டு படுப்பார்கள். நண்பரின் பெட்டியில் பாட்டைத் தட்டிவிடுவேன். அந்தச் சத்தம் கேசட்டில் ஏறியிருக்கும் என்று இத்தனை வருடமும் நான் நினைத்ததில்லை. அதைத்தான் அரை நிமிடத்துக்குக் குறைந்த துண்டு என்று என் கையாலேயே தள்ளியிருக்கிறேன்.

வீட்டுப் பின்பக்கம் ஓடினேன். மழை விடாததால் பழைய சாமான் எடுக்கிறவர் அந்த வாரம் வரவில்லை. சாக்கின் அடியில், நசுங்கிய தகர டப்பாவுக்குக் கீழே கேசட் கிடந்தது. துடைத்து, ஐந்து திருகாணிகளையும் கழற்றினேன். டேப் தொடக்கத்துப் பக்கம் அறுந்து ஒரு விரல் நீளத்துக்கு மேல் சுருண்டு கசங்கிப்போயிருந்தது. கசங்கியதை வெட்டி எடுத்து, நுனிகளைச் சேர்த்து, பின்பக்கம் மெல்லிய செலோ டேப் ஒட்டினேன்.

இந்த முறை எதையும் வெட்டவில்லை. பாட்டு பதிந்திருந்த அந்த ஒரு பக்கத்தை முழுதாக ஏற்றினேன். பாட்டுப் பகுதியில் போட்டால் மற்ற பாட்டுகளோடு கலந்து ஓடிவிடும் என்பதால், பாட்காஸ்ட் என்ற பேச்சு நிகழ்ச்சிகள் வைக்கும் பகுதியில் ஒரே நிகழ்ச்சியாகப் போட்டேன். அவள் ஃபோனில் அது தனியாக வந்து நின்றது.

அவள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து கேட்டாள். நான் வாசலில் நின்றேன். முதல் பாட்டு பாதிச் சொல்லில் தொடங்கியது. அது முடிந்து ஒரு கரகரப்பு, பிறகு இளவயதுத் தொண்டை ஒன்று செருமியது. அவள் ஒரு விரலை மடக்கினாள். அடுத்த பாட்டுக்கு முன்னும் மடக்கினாள். பக்கம் முடிந்தபோது நான்கு விரல்கள் மடங்கியிருந்தன.

"அஞ்சுல்லா உண்டு. ஒண்ணு குறையுது."

"முதல்ல உள்ளது போச்சு. அந்த இடம் கசங்கிட்டு."

"போட்டும். நாலெண்ணமாவது இருக்கே." ஃபோனைப் படியில் வைத்தாள். "அண்ணைக்கு என்னதான் சொல்ல வந்திய? இப்ப இஞ்ச ஆருமில்ல. சொல்லுங்க."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மேல் கட்டிலில் யாரும் இல்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஐந்தாவது விரலையும் மடக்கினாள்.