கயிற்றை வெள்ளையனிடம் கொடுத்த அண்ணி

பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டும் சாக்பீஸும் வாங்கப் போளூருக்கு இறங்கியிருந்தேன். கடைவாசலில் வெள்ளையன் வந்து நின்றான். மலையிலிருந்து நடந்தே வந்தவன், முழங்கால்வரை சேறு. "வாத்தியாரே, அண்ணி போய்ட்டாங்க" என்றான். காய்ச்சலில் படுத்திருந்தது தெரியும். மார்கழிக் குளிரில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை என்று நானே சொல்லிவிட்டு வந்திருந்தேன். இருவரும் மலையேறினோம்.

பொன்னம்மாள் என் மனைவி வள்ளியின் அக்காள். வெள்ளையனுக்கு அண்ணன் மனைவி. எங்கள் இருவருக்குமே அவர் அண்ணிதான். ஜவ்வாது மலையில் அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நெல்லிக்காய்ப் பருவத்தில் இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவோம். கரடி நடமாடும் காலம். அண்ணி முன்னால் நடந்தபடி, களி அடிப்பிடித்தது, கோழி அடைக்கு உட்கார மாட்டேன் என்கிறது, வாத்தியாரின் சட்டை மறுபடியும் கிழிந்தது என்று உரக்கப் பேசிக்கொண்டே போவார். ஏன் இந்தக் கத்தல் என்றால், "நம்ம வூட்டுக் கதையக் கேட்டா கரடிக்கே சலிச்சிப்போய் வழிய வுட்டுடும் தம்பி" என்பார். கரடியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஆடி மழையில் ஓடை பெருகினால், சாமை விதைக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே புடவையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். அது அண்ணியின் சட்டம். சின்னவர்கள் யார் வழுக்கி விழுந்தாலும் திட்டு பக்கத்தில் நின்ற பெரியவனுக்குத்தான் விழும். "நீ கெட்டியா நின்னிருந்தா அது ஏன் உளுந்துது?" என்று கேட்பார். அதிகமாகத் திட்டு வாங்கியது நான்தான்.

பங்குனி, சித்திரையில் பாறைத்தேன் எடுப்போம். செங்குத்தான பாறையில் ஒருவன் கொடிக்கயிற்றில் இறங்குவான். மேலே அவனுடைய மச்சான் கயிற்றைப் பிடித்திருப்பான். கூடப்பிறந்த அண்ணன் தம்பியிடம் கயிற்றைக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. தம்பிக்கு நிலத்தில் பங்கு உண்டு. மனைவியின் அண்ணன் தம்பிக்கோ தங்கள் வீட்டுப் பெண்ணின் தாலி முக்கியம். பெரியவர்கள் இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

அண்ணிக்கும் வள்ளிக்கும் உடன்பிறந்த ஆண் கிடையாது. முறைக்கு அண்ணன் தம்பி என்று சொல்லவும் ஒருவன் இல்லை. அதனால் அண்ணியின் கணவர் வழக்கத்தை மீறித் தம்பி வெள்ளையனையே கயிறு பிடிக்கச் சொன்னார். கயிறு நழுவியது. அவர் பிழைக்கவில்லை. பெண் குழந்தைகள் மட்டுமே இருந்த வீடு. நிலம் இனி யாருக்கு என்று ஊர் யோசித்தது. வெள்ளையன் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, பெண் கொடுக்கவுமில்லை. அண்ணி மட்டும் தினமும் அவனுக்குச் சோறு போட்டார்.

பிறகு சாமை கருகிய வருஷம் வந்தது. தேனை விட்டால் இரண்டு வீட்டுக்கும் வேறு வழியில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை, இறங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிடிக்க மச்சான் இல்லை. "நான் புடிக்கிறேன். எனக்குப் பலம் பத்தாது, வெள்ளையனும் புடிப்பான்" என்றார் அண்ணி. வள்ளி அழுது தீர்த்துவிட்டாள். அவள் முகவாயைப் பிடித்து, "உன் தாலிக்கு நான் ஜவாப்புடி" என்றார்.

பாறையுச்சியில் கயிற்றின் முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்கு முன்னால் வெள்ளையன். நான் இறங்கினேன். பச்சிலைப் புகையும் தேனீயும் சூழ்ந்திருக்க, வெள்ளையன் பிடியில் கயிறு நடுங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போது மேலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "வெள்ளையா, கேவுரு அரைக்கணும். கூரையில அந்த மூலை ஒழுவுது, நீதான் ஏறணும்..." கரடிக்குச் சொன்ன அதே வீட்டுக் கதைதான். கொஞ்ச நேரத்தில் கயிறு நிதானப்பட்டது. மேலே ஏறி வந்தபோது அவன் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

அதன் பிறகு ஊர் அவனை வேலைக்குக் கூப்பிட்டது. கல்யாணமும் ஆயிற்று.

போன தையில் புளி உலுக்கும்போது அண்ணியிடம் கேட்டேன். "வெள்ளையன் மேல தப்பு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"எனக்கு இன்னா தெரியும்? அன்னிக்கு நான் வூட்ல களி கிண்டினு இருந்தேன்."

"தெரியாமலா என்னை இறக்கினீங்க?"

"தெரிஞ்ச பொறவுதான் சோறு போடணும்னா அவன் செத்தே போயிருப்பான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் புளியைப் பொறுக்கப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. தொங்கியது நானல்லவா! மரத்திலிருந்து இறங்கியவன் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. இடுப்பில் அவர் கயிறு கட்டிக்கொண்டதற்கு அர்த்தம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. நான் விழுந்திருந்தால் அவரும் என்னோடு வந்திருப்பார்.

அண்ணியை அடக்கம் செய்துவிட்டு ஓடையில் குளித்துத் திரும்பும்போது வெள்ளையன் என் பின்னாலேயே வந்தான். இத்தனை வருஷம் அவன் யாரிடமும் கேட்காததைக் கேட்டான்.

"அண்ணி என்னைப் பத்தி எப்பவாச்சும் எதுனா சொன்னாங்களா? நான் வேணும்னே கைய வுட்டுட்டேன்னு நெனச்சாங்களா? இல்லேன்னு தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அண்ணி விஷயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "தெரியாதுன்னுதான்டா சொன்னாங்க" என்றேன்.

"தெரியாமயேவா கயித்த எங்கிட்ட குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு ஈரத்துணியோடு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். செய்தி சொன்னபோதும் மண் தள்ளியபோதும் அழாதவன், அப்போதுதான் வாய்விட்டு அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இதை எழுதலாமா என்று அவனையே கேட்டேன். "எழுதுங்க, எல்லாரும் படிக்கட்டும்" என்றான்.

அண்ணி என்னிடம் விட்டுப்போனது அந்தத் 'தெரியாது' ஒன்றுதான். இனி யாரையாவது காட்டி இவன் எப்படிப்பட்டவன் என்று ஊர் என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவேன்.