முன்னிருக்கையில் லாத்தா

இருவர் துடுப்புப் போடும் கயாக் படகில் முன்னால் உட்காருபவர்தான் வேகத்தைத் தீர்மானிப்பார். சுக்கானும் அவர் காலடியில்தான் இருக்கும். பின்னால் இருப்பவருக்கு ஒரே வேலைதான். முன்னால் துடுப்பு எந்தக் கணத்தில் தண்ணீரைத் தொடுகிறதோ, அதே கணத்தில் தன் துடுப்பையும் இறக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் நான் அந்தப் பின்னிருக்கையில் இருந்தேன். லாத்தாவின் முகத்தைவிட அவள் முதுகுதான் எனக்கு நன்றாகப் பழக்கம்.

லாத்தா என்றால் அக்கா. நாகூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் சிங்கப்பூருக்கு வந்த குடும்பம் அவளுடையது. தங்கைகள் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் அதற்கு அனுமதி கிடையாது.

“போட்ல லாத்தா கீத்தாலாம் வேணாம். நான் ‘அப்’னு கத்தினா நீ யோசிக்காம வேகத்த ஏத்தணும். அவ்வளவுதான்லா.”

வார நாள்களில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி முடித்துவிட்டு, முடி காய்வதற்குள் லிட்டில் இந்தியாவுக்கு ஓடுவாள். அங்கே அவள் வாப்பாவுக்குப் பயணப் பெட்டி விற்கும் கடை. ஊருக்குப் போகும் வெளிநாட்டு ஊழியர்கள் அன்றைக்குத்தான் கூட்டமாக வருவார்கள். ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து பெரிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தருவாள். “எப்ப தூங்குறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “பஸ்ல,” என்றாள், பெட்டியின் சக்கரத்தை உருட்டிக் காட்டிக்கொண்டே.

நான் சுவா சூ காங்கில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. பலம் உண்டு, நிதானம் குறைவு. எங்கள் படகின் அகலம் ஏறக்குறைய என் இடுப்பளவு. முதல் மாதம் துடுப்புப் போட்டதைவிடத் தண்ணீரில் விழுந்ததுதான் அதிகம். அத்தனைக்கும் காரணம் நான்தான். லாத்தா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. விழுந்து எழும்போதெல்லாம் “மறுபடியும்” என்பாள், அவ்வளவுதான்.

நாங்கள் சேர்ந்து ஓட்டிய இரண்டாம் ஆண்டு, சுற்றியுள்ள நாடுகள் கலந்துகொண்ட போட்டி எங்கள் ஊரிலேயே, மரினா நீர்த்தேக்கத்தில் நடந்தது. முதல் நாள் ஆயிரம் மீட்டர், மறுநாள் ஐந்நூறு. அவள் வாப்பா அரை நாள் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். என் அம்மாவும் அவருக்குப் பக்கத்தில் குடையை விரித்து உட்கார்ந்திருந்தார்.

ஆயிரம் மீட்டர் தகுதிச் சுற்றில் முதல் மூன்று படகுகளுக்கு இறுதிச் சுற்றில் இடம். கடைசி நூறு மீட்டர் வரை நாங்கள் மூன்றாவது. அப்போது பக்கத்துத் தடத்துப் படகு கிளப்பிய அலை எங்கள் மேல் வந்து மோதியது. பின்னிருக்கைக்காரர் செய்யவே கூடாத ஒன்றை நான் செய்தேன். திரும்பி அந்தப் படகைப் பார்த்தேன். என் துடுப்பு குறுக்காகத் தண்ணீரில் சிக்கியது. அடுத்த நொடி இருவரும் தண்ணீருக்குள். சொந்த ஊர்க் கூட்டத்தின் கண் முன்னால்.

தலையைத் தூக்கியதும் லாத்தாவின் குரல்தான் முதலில் கேட்டது. “அடி கிடி பட்டுச்சா? பேடல் கையில இருக்கா?” மீட்புப் படகு வரும்வரை கவிழ்ந்த கயாக்கைப் பிடித்தபடி மிதந்தோம். நான் அழுதேன். ஈரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கரையில் பயிற்சியாளர் காத்திருந்தார். அதிகம் பேசாத சீனர். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லாத்தா முந்திக்கொண்டாள். திடீரென்று வேகத்தைக் கூட்டியது தன் தவறு என்றும், எனக்குக் குரல் கொடுக்க மறந்துவிட்டதாகவும் சொன்னாள். அவர் பத்து நிமிடம் அவளைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

படகைத் துடைக்கும்போதுதான் கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நாளைக்கு ஐந்நூறு இருக்குல்ல? இன்னிக்கு அவரு உன்னைத் திட்டினா, நாளைக்குப் பூரா நீ அதையே நெனைச்சுக்கிட்டு ஒக்காந்திருப்ப. எனக்கு அப்படியில்ல. திட்டு வாங்கிட்டு மறந்துடுவேன்.”

“ஆனா அது பொய்யில்லையா?”

“ஆமா, பொய்தான். அந்தப் பக்கம் நல்லாத் துடை.”

அன்றைக்கு எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அவள் மேல் மதிப்பு கூடியது. என் மேல் கோபமும் சேர்ந்தே கூடியது. மறுநாள் காலை பயிற்சியாளரிடம் நேராகப் போய், திரும்பிப் பார்த்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கரையோரமாகச் சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் பார்த்தவராம். தெரியும், போய் உடம்பைச் சூடாக்கு என்று மட்டும் சொன்னார். பின்னால் நின்ற லாத்தாவின் காதில் இது விழுந்துவிட்டது.

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். வலித்தது. ஆனால் சிரித்துக்கொண்டே உடம்பைச் சூடாக்க ஓடினேன்.

காலைத் தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்தோம். மாலையில் இறுதிச் சுற்று. புறப்பட்டதும் ஐந்தாவது இடத்தில் இருந்தோம். அவள் பதறவில்லை. நீளமாக, ஒரே சீராக இழுத்துக்கொண்டே போனாள். பாதித் தூரத்தில் ‘அப்’ என்று கத்தினாள். ஏற்றினேன். இடது பக்கத்திலிருந்து அலை வந்து படகின் வயிற்றில் அடித்தது. படகு ஆடியது. அவளுடைய வீச்சு ஒரு துளிகூட மாறவில்லை. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் கடிகாரம் மாதிரி ஏறி இறங்கின. நானும் அவளோடு போனேன். எத்தனை படகுகள் முன்னால், எத்தனை பின்னால் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கைகள் எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நான்காவது. மூன்றாவது வந்த படகுக்கும் எங்களுக்கும் ஒரு கை நீளம்கூட இருக்காது. அதுவரை நாங்கள் ஓட்டியதிலேயே அதுதான் மிகக் குறைந்த நேரம்.

கரையேறியதும் லாத்தா வென்ற மூன்று படகுகளிலும் இருந்தவர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்கினாள். பிறகு படகுக் கொட்டகைக்குப் பின்னால் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விம்மி விம்மி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே மடங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

“ஸ்டார்ட்தான் ஸ்லோ. அதைச் சரி பண்ணணும். நாளைக்குக் காலைல ஆறரைக்கு வர்றியா?”

“லாத்தா, ஒரு நாளாச்சும் லீவு விடுங்க!”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“சரி, ஏழு மணிக்கு வா.”