குளிர் அறையில் எழுதிய ராப்

நான் குடியேறியிருக்கும் வெளிநாட்டு ஊரான டண்டினொங்கில், காய்கறி வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் ஒலிக்கும் பாட்டுகளில் நடுநடுவே ஓட்டை இருக்கும். ராப் பாட்டில் கெட்ட வார்த்தை வரும் இடத்தை மட்டும் அழித்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒருவன் தன் காரைப் பற்றிச் சொல்வான், கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்வான், பிறகு ஒரு பெண்ணைக் கூப்பிடுவான். என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்பது கேட்காது. அரை நொடி வெறுமை. சுற்றி இருப்பவர்கள் உருளைக்கிழங்கைத் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் என் இரண்டரை வயது மகள் யாழினி மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் "அம்மா!" என்று கத்துகிறாள். தாளம் தப்பாமல் கத்துகிறாள். முதல் தடவை நானும் சிரித்துவிட்டேன். அங்கே என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று யோசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பணம் வாங்கும் பெண்ணிடம், இந்தப் பாட்டு குழந்தைகள் கேட்கக் கூடியதல்ல என்று சொன்னேன். அவள், "டூ லவுட், டார்லிங்?" என்று கனிவாகக் கேட்டு, யாரையோ அழைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிடிக்காத பாட்டைக் காதில் வாங்காமல் போக வேண்டியதுதானே என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். எனக்கு ராப் பிடிக்கும் என்பதுதான் தொல்லை. சென்னையில் பொறியியல் படித்தபோது, சனிக்கிழமை மாலைகளில் விடுதி மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்வோம். ஒருத்தி பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டுவாள், மற்றவர்கள் முறை வைத்துச் சொல்வோம். அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, தங்கள் தெருவில் நடந்ததைத் தாளத்தில் சொன்ன கலை இது என்று அதற்குள் படித்திருந்தோம். ஆகவே எங்களுக்கு ஒரே ஒரு விதி: உனக்கு நடக்காததைச் சொல்லாதே. அடுத்தவள் வரியைச் சொன்னால் அன்றைக்கு வட்டத்தில் இடமில்லை. செல்வி என்பவள், காலையில் இருபது நிமிடம் மட்டும் வரும் குழாய்த் தண்ணீரைப் பற்றி வார்டன் காதில் விழும்படி ஒரு ராப் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து நாற்பது நிமிடம் தண்ணீர் வந்தது. ராப் என்றால் இதுதான் என்று நம்பினேன். இப்போது கேட்பவற்றில் எவனுக்கும் தண்ணீர் வேண்டாம். கார், சங்கிலி, பெண்ணின் இடுப்பு. நம் சினிமாக்காரர்களும் வேகமாகப் பேசினால் அது ராப் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருவேளை எனக்குத்தான் வயதாகிவிட்டதோ என்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே வந்த பிறகு என் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. சாலட் இலைகளைக் கழுவிப் பையில் அடைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இலை வாடக் கூடாது என்பதற்காக அந்த அறையை எப்போதும் நாலு டிகிரியில் வைத்திருப்பார்கள். யாழினிக்கு ஆறு மாதமானபோது, வேறு வழியில்லாமல் அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பினேன். இடைவேளை வருவதற்குள் பால் கட்டி, உள்ளாடையைத் தாண்டி ஏப்ரன் நனையும். முதலில் சுடும், அடுத்த நிமிடமே ஈரம் ஜில்லிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவள் அங்கே அழுகிறாளா என்று தெரியாது. அழாமல் விளையாடுகிறாள் என்றாலும் எனக்கு அழுகை வந்திருக்கும். பல வருடங்களுக்குப் பிறகு அந்த நாட்களில்தான், பேருந்தில் போகும்போது கைபேசியில் ஒரு ராப் எழுதினேன். கணவர் பிரபுவிடம்கூடக் காட்டவில்லை.

"நாலு டிகிரி அறைக்குள்ள நான், ஆறு மாசப் பிள்ளை அங்க,
ஏப்ரன் நனையுது, இலை உறையுது, பால் மட்டும் சூடு."

போன வருடம் இதை வசந்தி அன்ரியிடம் படித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், தொழிற்சாலையில் இலைகள் நகர்ந்துவரும் பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்பவர். கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு, "என்ர தங்கச்சியின்ர மகன் சாரங்கன் ராப் பாடுறவன் பிள்ளை. நல்ல தமிழ் வரி தேடித் திரியிறான். இதை அவனுக்குக் குடுமன்" என்றார். சாரங்கனுக்கு இருபத்து நான்கு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் மொட்டை மாடி விதி எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் பெரியவர் கேட்கிறார், மறுப்பது மரியாதை இல்லை என்று கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் மரியாதை மட்டுமல்ல. என் வரியை யாரோ கேட்டு வாங்குகிறார்கள் என்ற சந்தோஷமும்தான்.

மூன்று மாதம் கழித்து அவன் வெளியிட்ட காணொளியைப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்த மஞ்சள் கார், கழுத்தில் பித்தளைச் சங்கிலி, பின்னால் இரண்டு பெண்கள். அறையும் இல்லை, இலையும் இல்லை, பிள்ளையும் இல்லை. "பால் மட்டும் சூடு" மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கண் சிமிட்டல், கேமரா அந்தப் பெண்களின் மார்புக்கு இறங்குகிறது. அதற்குக் கீழே நம் ஆட்கள் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். என் மகளின் பாலில் எவனோ எச்சில் துப்பியதுபோல் இருந்தது. அன்று சாயங்காலம் பிரபு பாத்திரம் கழுவிக்கொண்டே அதை முணுமுணுத்தார்.

"அத பாடாதீங்க."

"ஏன்? ஆபீஸ்ல நம்ம தமிழ்ப் பசங்க எல்லாரும் இதத்தான் பாடுறாங்க. சும்மா ஜாலிக்கு."

"அது நான் எழுதுனது."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாத. தப்பா நெனப்பாங்க" என்றார். எனக்காகத்தான் சொன்னார். இருந்தும் அதுவும் அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வசந்தி அன்ரியின் வீட்டில் சாரங்கனைச் சந்தித்தேன். கெட்டவன் என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து நின்று நாற்காலியைத் தந்தான்.

"அத எடுத்துடு தம்பி," என்றேன்.

"எடுத்தாலும் வேலையில்ல அக்கா. எல்லாரும் டவுன்லோட் பண்ணிட்டினம்."

"நான் எழுதுனதுல பிள்ளை இருந்தாளே. அவ எங்க?"

"குளிர், சலாட், பேபி... இதெல்லாம் ஆர் அக்கா கேப்பினம்? இப்ப ராப் எண்டா வைப்தான். இட்ஸ் ஜஸ்ட் அ ஹூக், ஆக்களைப் பிடிச்சு வைக்கிற வரி."

"கதைக்கிறியே, நீ ஒரு நாள் வந்து அந்தக் குளிருக்க நில்லன்!" என்று உள்ளே இருந்து அன்ரி கத்தினார். "காலமை பத்து மணிக்கு எழும்புற ராஜாவுக்கு ராப் ஒரு கேடு!"

அவன் சிரித்தான். பிறகு உண்மையான அக்கறையோடு என்னிடம் கேட்டான். "அக்கா, உங்கட பேரப் போடேல்ல எண்டுதானே கோவம்? சொறி. இப்பவே போட்டு, உங்களயும் டாக் பண்ணி விடட்டே?"

கைபேசியை நீட்டினான். அந்த மஞ்சள் காருக்கும் அந்த மார்புகளுக்கும் கீழே என் பெயர். வேண்டாம் என்றால் அந்த வரி அவனுடையது. சரி என்றால் அந்த அசிங்கம் என்னுடையது. "வேண்டாம்" என்றேன். தேநீரைக் குடித்து முடித்தேன், போயிட்டு வர்றேன் என்று விடைபெற்றேன். அத்தனை கோபத்திலும் தேநீரை மிச்சம் வைக்காத என் வளர்ப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. வீடு வந்து சேரும்வரை ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. இனி இதைக் கேட்கும் எந்தத் தமிழருக்கும் என் மகள் நினைவுக்கு வரப்போவதில்லை. எனக்கே நாளாவட்டத்தில் அந்தக் கண் சிமிட்டல்தான் நினைவில் நிற்குமோ என்று பயந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணி அளவில் பெல்ட் பழுதாகி நின்றது. மெக்கானிக் வரும்வரை குளிர் அறையிலேயே நின்றுகொண்டிருந்தோம். வழக்கமாக அங்கே இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. எனக்கு என்ன தோன்றியதோ, காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அறை, பிள்ளை, ஏப்ரன், இலை, எல்லாம் அதன் அதன் இடத்தில். வெட்கத்தில் வேகமாகச் சொன்னேன். எதிரில் இருந்த வியட்நாம் பெண் சிரித்தபடி தலையாட்டினாள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த பர்வீன் ரப்பர் கையுறையோடு ஓங்கித் தட்டினாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள், ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும்.

"வெட்டிங் சாங்?" என்று கேட்டாள்.

"நோ. பேபி. மில்க்," என்றேன். இலை கழுவிய நீரில் நனைந்திருந்த என் ஏப்ரனைத் தொட்டுக் காட்டினேன். "ஹியர். திஸ் ரூம்."

அவள் என் கையையே பார்த்தாள். அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆளான வசந்தி அன்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த வரியைத் தொடங்கினேன். பர்வீன் தட்டுவதை நிறுத்தவில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டுவதுபோல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்தாள். அந்த வரியை நான் பேருந்தில் எழுதிய வேகம் அதுதான்.